கொடுத்தவர்: லோகநாதன்

எனக்குப் பொறாமைங்கிறதே கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன். பக்கத்து வீட்டுக்காரன் புது சைக்கிள் வாங்கினா, நானே போய் பெல் அடிச்சுப் பார்த்து சந்தோஷப்படற ஆளு. ஆனா அந்த மோசஸ் சார் மட்டும் எங்க தெருவுக்குக் குடி வராம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அவ்வளவுதான் சொல்லுவேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். ஆம்பூர்ல ஒரு தோல் ஷாப்புல நான் ஸ்டோர் கீப்பர். பேரு லோகநாதன். தோல் பதப்படுத்தற உப்பு, சுண்ணாம்பு, கடுக்காய், படிகாரம் எல்லாத்துக்கும் சாவி என் இடுப்புல. நானூறு பேர் வேலை செய்யற இடத்துல என்னைக் கேக்காம ஒரு பிடி உப்பு வெளியே போகாது. வீட்டுல என்னைக் கேக்காம எது வேணும்னாலும் உள்ளே வரும்.

அப்படித்தான் கல்லு வந்துச்சு.

மோசஸ் சார் பூகோள வாத்தியார். எங்க வீட்டுக்கு மூணாவது வீடு. வயசு நாப்பது, கல்யாணம் ஆகலை. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆராதனை முடிஞ்சா, தோள்ல ஒரு பை, கையில ஒரு சின்னச் சுத்தி, மலைப்பக்கம் கிளம்பிடுவார். கல்லு பொறுக்க! ஒருநாள் குழாயடியில என் சம்சாரம் கமலவேணிகிட்ட ஒரு கல்லைக் காட்டினார். வந்தது வினை. கமலவேணி குடியாத்தத்துக்காரி, நெசவுக் குடும்பம். சாயத் தொட்டிக்கும் பாவுக்கும் நடுவுல வளர்ந்தவ. நல்ல கலரைப் பார்த்துட்டா சோறு தண்ணி வேணாம்.

"இன்னாங்க, இதைப் பாருங்களேன். கருப்புக்குள்ள சிவப்பு! எங்கப்பா பட்டறையில தலைகீழா நின்னாலும் இந்தச் சிவப்பு வராது."

"கல்லுதானே."

"உங்களுக்குக் கல்லு. மோசஸ் சார் கண்ணுக்குத்தான் அது கார்னெட்டு ரத்தினம்."

கண்ணாமே, கண்ணு! எனக்கு மட்டும் என்ன, ரெண்டு கோலி குண்டா இருக்குது?

கூடத்துல ஒரு கண்ணாடி அலமாரி. அதுல நடுத் தட்டுல என்னோட பத்து வருஷ சர்வீஸ் கேடயம் இருந்துச்சு. ஒரே வாரத்துல கேடயம் அரிசி டிரம் மேல போயிடுச்சு. நடுத் தட்டுல கல்லு உட்கார்ந்துச்சு. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில பஞ்சு மெத்தை. முன்னாடி ஒரு துண்டுச் சீட்டு. அதுல முத்து முத்தா அவ கையெழுத்து. வெங்கச்சாங்கல், பாலாறு, கொடுத்தவர்: மோசஸ் சார். காக்காப்பொன், ஏலகிரி அடிவாரம், கொடுத்தவர்: மோசஸ் சார். இப்படிப் பதினாலு சீட்டு. பதினாலுலயும் அவரு பேரு. என் பேரு இருந்த ஒரே காகிதம் வீட்டு வரி ரசீது. அதுவும் பரண்ல.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சொல்லுவாங்க. அந்த அலமாரி மேல தினமும் காலையில எட்டு மணிக்கு என் கண்ணடி விழுந்துச்சு. ஒரு கல்லுகூட வெடிக்கலை.

"அந்த ஆளு எதுக்கு உனக்குக் கல்லு கொடுக்கிறாரு?"

"என்னை சிஸ்டர்னுதான் கூப்பிடறாரு. உங்களுக்கு இன்னா பேஜாரு?"

சிஸ்டர்! சிஸ்டருக்கு வளையல் வாங்கித் தரலாம், பழம் வாங்கித் தரலாம். யாராவது பாறாங்கல்லைக் கொடுப்பாங்களா? அன்னிக்கே முடிவு பண்ணினேன். இந்தத் தீபாவளிக்குள்ள அந்த நடுத் தட்டுல ஒரு சீட்டு. ஒரே ஒரு சீட்டு. அதுல 'கொடுத்தவர்: லோகநாதன்'. இது நடக்கலைன்னா நான் ஆம்பளையே இல்லை.

அடுத்த ஞாயித்துக்கிழமை சைக்கிள் கேரியர்ல ஒரு சாக்கைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். மத்தியானம் சாக்கு நிறைய கொண்டாந்து கமலவேணி முன்னாடி கொட்டினேன்.

"இது இன்னாங்க?"

"அபூர்வக் கல்லு, கமலா. எப்படி மின்னுது பாரு."

"மின்னறது கிரீசுங்க. இது ரயில்வே ஜல்லி. எங்க, தண்டவாளத்து ஓரத்துல பொறுக்கினீங்களா?"

"சரி விடு, தூக்கிப் போட்டுடறேன்."

"ஐயோ, தூர எறியாதீங்க! வேகாத வெயில்ல தூக்கியாந்தது. பின்பக்கம் துவைக்கிற இடத்தாண்ட போட்டு வைங்க. அப்பால ஒருவாட்டி நல்லா உத்துப் பார்க்கிறேன்."

என் மேல எவ்வளவு கரிசனம் பாருங்க! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்த வாரம் பாலாத்துல பொறுக்கி ஒரு பை கொண்டாந்தேன். "சின்னதா இருந்தா உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாதுங்க, பெருசா பாருங்க" என்றா. பெருசா கொண்டாந்தேன். "உருண்டையா வேணாங்க. ஒரு பக்கம் தட்டையா இருந்தாத்தான் உள்ள இருக்கிற ரேகை நல்லாத் தெரியுமாம்" என்றா.

"தெரியுமாமா? யாரு சொன்னது? மோசஸ் சாரா?"

அவ லேசா சிரிச்சா. அந்தச் சிரிப்புல என் வயிறு எரிஞ்சது எனக்குத்தான் தெரியும். அந்த வாரம் ரெண்டு மூட்டை கொண்டாந்தேன். எல்லாம் தோசைக்கல்லு மாதிரி தட்டை.

ஒரு ஞாயித்துக்கிழமை முதுகு பிடிச்சுக்கிச்சு. மழை வேற தூறுச்சு. "இன்னிக்கு வேணாம் கமலா, டயர்ல காத்து கம்மியா இருக்குது, மேகம் வேற..." என்று இழுத்தேன்.

"சாக்கு சொல்லாம சாக்கை எடுங்க. மோசஸ் சார் குடையோட கிளம்பிட்டாரு."

கிளம்பினேன். கைலாசகிரி மலை அடிவாரம் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே போனேன். இப்படி ஆறு மாசம். சைக்கிளுக்கு மூணு டயர் மாத்தியாச்சு. எனக்கு இடுப்பு மாத்த முடியலை. கொண்டாந்ததுல ஒரு கல்லுகூட அலமாரி ஏறலை. எல்லாம் பின்பக்கம் குமிஞ்சு கிடந்துச்சு. ஒரே ஒரு நிம்மதி. அந்தத் துவைக்கிற இடம் எப்பவும் சேறு, கால் வச்சா கணுக்கால் வரைக்கும் போகும். ரெண்டு வண்டிக் கல்லு கொண்டாந்து தளம் போடுங்கன்னு மூணு வருஷமா என்னை நச்சரிச்சவ, இந்தக் கல்லுப் பைத்தியம் பிடிச்சதுல இருந்து அந்தப் பேச்சையே எடுக்கலை. அந்த மட்டும் மோசஸ் சாருக்கு நன்றி சொல்லணும்னுகூட நினைச்சேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கிறப்ப, குழாயடியில அவரு பேசினது என் காதுல விழுந்துச்சு.

"சிஸ்டர், என் வாழ்க்கையில ஒரே ஒரு ஆசை. இந்த வட ஆற்காடு ஜில்லாவுல ஒரு செவ்வந்திக்கல்லைக் கண்ணால பார்த்துடணும். ஊதா கலர்ல, கண்ணாடியாட்டம் இருக்கும்."

"ஊதாவா சார்? ஐயோ, எனக்கு உசுரு!"

ஊதா! கண்ணாடி! அன்னிக்கு ஷாப்புல ஸ்டாக் பார்த்துட்டு இருக்கிறேன், பீப்பாய்க்குள்ள குரோம் படிகாரம் என்னைப் பார்த்து இளிக்குது. தோலைப் பதப்படுத்தற சரக்கு. வெளிச்சத்துல பிடிச்சா ஊதான்னா ஊதா, அப்படி ஒரு ஊதா. பத்து வருஷமா அதை அளந்து போட்டிருக்கேன், ஒருநாள் அதோட அழகு தெரியலை. பொறாமை வந்தாத்தான் ரசனை வரும்போல இருக்குது.

படிகாரத்தைக் கெட்டியாக் கரைச்சு ஒரு கண்ணாடி ஜாடியில ஊத்தினேன். ஒரு சின்னத் துணுக்கை நூல்ல கட்டி அதுக்குள்ள தொங்க விட்டேன். கடுக்காய் மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். அதைச் சுத்திப் படிகம் கட்டிக்கிட்டே போகும். கோழி அடைகாக்கிற மாதிரி இருபத்தோரு நாள் காத்தேன். குஞ்சு பொரிச்சுது! பெரிய நெல்லிக்காய் அளவு, பட்டை தீட்டின மாதிரி ஒரு ஊதாக் கல்லு. நூலை அறுத்து, கொஞ்சம் மண்ணைப் பூசி, கர்ச்சீப்புல சுத்தி வீட்டுக்குக் கொண்டாந்தேன்.

"எங்கங்க கிடைச்சுது இது!"

"ஏலகிரி. பாதி மலையில, பாறை இடுக்குல. கையை விட்டா, பாம்பு."

"பாம்பா!"

"ரெண்டு."

கமலவேணி அதை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. மறுபடி கல்லைப் பார்த்தா. "அழகா இருக்குதுங்க" என்றா. எட்டு வருஷ தாம்பத்தியத்துல நான் கொண்டாந்த பொருளை அவ அழகுன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துடுச்சு.

"சீட்டு எழுதலையா?" என்று கேட்டேன், சும்மா கேக்கிற மாதிரி.

"எழுதாம இருப்பேனா? ஞாயித்துக்கிழமை மோசஸ் சாரைக் கூப்பிட்டு காட்டிட்டு எழுதறேன். அவருதானே ஆசைப்பட்டாரு."

வரட்டும், வந்து பார்க்கட்டும், பார்த்துட்டு வயிறு எரியட்டும்னு நானே போய் அவரை காபிக்குக் கூப்பிட்டேன். வந்தார். எதிர் வீட்டு பில்கிஸ்கூட வேடிக்கை பார்க்க வந்து நின்னாங்க. அவர் லென்சை எடுத்தார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆச்சு. பொறாமைதான்னு நினைச்சு நான் காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார், செவ்வந்திக்கல்லுக்கு ஆறு பட்டை இருக்கும். இதுல எட்டு இருக்குதே."

"ரெண்டு ஜாஸ்தி. நல்லதுதானே?"

"கழுவிட்டுப் பார்க்கலாம் சார்" என்றா கமலவேணி. "மண்ணு ஒட்டியிருக்குது. எங்க குடியாத்தத்துல எந்தத் துணி வந்தாலும் முதல்ல வெந்நீர்ல ஒரு முக்கு. சாயம் நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் பெட்டியில வைப்போம்."

எனக்குக் காபி புரையேறுச்சு. "கமலா, கல்லுக்கு எதுக்கும்மா சாயம் பார்க்கணும்? ரெண்டு பாம்பு காவல் காத்த கல்லும்மா அது!"

"நல்ல கல்லுன்னா நிக்கப் போவுது. உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

அடுப்புல கொதிச்சுட்டு இருந்த தண்ணியைப் பீங்கான் கிண்ணத்துல ஊத்தி, கல்லை உள்ளே விட்டா. முதல்ல ஊதா நூலு நூலா இறங்குச்சு. கரண்டியால ஒரு கலக்கு கலக்கினா. நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆச்சு. சுண்டைக்காய் மிளகாச்சு. அப்புறம் மிளகும் இல்லை. தண்ணி ஊதாவுல இருந்து மெதுவா பச்சைக்குத் திரும்புச்சு. குளத்துப் பாசிப் பச்சை.

"அரே, இன்னாது இது?" என்று எட்டிப் பார்த்தாங்க பில்கிஸ். "மருதாணி கரைச்சீங்களா?"

"ஊதாச் சாயம் போறதைப் பார்த்திருக்கேன்" என்றா கமலவேணி. "ஊதா போயி பச்சை வர்றதை இப்பத்தாங்க பார்க்கிறேன்."

மோசஸ் சார் சிரிச்சிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த மனுஷன் சிரிக்கலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "சார், இது தோல் ஷாப்புப் படிகாரம். ஆனா இவ்வளவு நேர்த்தியா எங்க ஸ்கூல் லேப்ல ஒருத்தராலயும் வளர்க்க முடியலை. எனக்கும் ஒண்ணு வளர்த்துத் தர்றீங்களா?" என்று கேட்டார். நிஜமாவே கேட்டார். எதிரி திட்டினா பதிலுக்குத் திட்டலாம். பாராட்டினா என்ன பண்றது? என் சாயம் ஊர் நடுவுல வெளுத்துப் போச்சு.

அவர் போனதும் கமலவேணி கிண்ணத்தைக் கழுவிக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அந்த ரெண்டு பாம்பும் இன்னா ஆச்சுங்க?"

எழுந்து நின்னேன். "கேட்டுக்கோ கமலவேணி! இனிமே இந்த ஜென்மத்துல ஒரு கூழாங்கல்லைக்கூட நான் தொட மாட்டேன். உன் அலமாரியும் வேணாம், உன் சீட்டும் வேணாம்!"

"சரிங்க" என்றா. ரொம்பச் சுருக்கா சொல்லிட்டா. எனக்கு அதுவே சந்தேகமா இருந்துச்சு.

மறுநாள் காலையில பின்பக்கம் டங்கு டங்குன்னு சத்தம். போய்ப் பார்த்தா, சம்பத் மேஸ்திரி கரண்டியோட உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துல சிமெண்ட் கலவை. நான் ஆறு மாசமா இடுப்பொடியச் சுமந்த அத்தனை கல்லும் தட்டைப் பக்கம் மேல பார்த்துக்கிட்டு வரிசையாப் படுத்திருக்குது. சேறு போன இடம் தெரியலை.

"கமலா! என் கல்லு!"

"ஆமாங்க, உங்க கல்லுதான். மூணு வருஷமா கேட்டேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னீங்க. மோசஸ் சார் பேரைச் சொன்னேன், ஆறே மாசத்துல வந்துடுச்சு."

"அப்ப, ஒரு பக்கம் தட்டையா இருக்கணும்னு மோசஸ் சார் சொன்னது?"

"அவரு எங்க சொன்னாரு? மேஸ்திரி சொன்னாரு."

"சாருக்கு நல்ல கண்ணும்மா" என்றார் மேஸ்திரி. "ஒரு கல்லுகூடக் கழிவு இல்லை. இந்த மூலைக்கு மட்டும் ரெண்டு மூட்டை கம்மி. வாங்கி வைங்க, அடுத்த திங்கக்கிழமை வந்து முடிச்சுடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னேன். கமலவேணி உள்ளே போயி பஞ்சாங்கத்துக்கு நடுவுல இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாந்து நீட்டினா. ஓரம் பழுப்பேறி இருந்துச்சு. மேல ரெண்டு வரி காலி. கீழே முத்து முத்தா, கொடுத்தவர்: லோகநாதன்.

"இதை எப்ப எழுதினே?"

"ரயில்வே ஜல்லி கொண்டாந்தீங்களே, அன்னிக்கே எழுதிட்டேன். கல்லு பேரும் கிடைச்ச இடமும்தான் பாக்கி" என்றா. அப்புறம் மேஸ்திரி காதுல விழாம மெதுவா சொன்னா. "வர்ற ஞாயித்துக்கிழமை மோசஸ் சார் ஆலங்காயம் பக்கம் போறாராம். அங்க தட்டைத் தட்டையா வெள்ளைக் கல்லு இருக்குதாம்."

எனக்கு எல்லாம் புரிஞ்சுது. ஆலங்காயமும் புரிஞ்சுது, தட்டையும் புரிஞ்சுது, மூலைக்கு ரெண்டு மூட்டையும் புரிஞ்சுது. நான் ஒண்ணும் ஏமாளி இல்லை.

சாக்கு எங்கே இருக்குதுன்னு மட்டும் கேட்டேன்.