ஜெர்மனி மாப்பிள்ளையும் உற்பத்தித் திறனும்

பொருளாதாரம் படித்தவர்களைப் பெண் பார்க்கும் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. இது எங்கள் வீட்டில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம். காரணம் நான்தான்.

அப்போது எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வளர்ந்த நாடுகள் ஏன் தடுமாறுகின்றன என்பதுதான் என் ப்ராஜெக்ட். செஞ்சியில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விழுப்புரத்தில் இறங்குவதற்குள் ஐரோப்பாவின் எதிர்காலத்தைத் தெரிந்துகொண்டுதான் இறங்குவார்கள். (சிலர் பாதி வழியிலேயே சீட்டு மாறியதும் உண்டு.)

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க அனந்தபுரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஜெர்மனியில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஏற்கெனவே வீடியோ காலில் பேசியதில் அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த இடமும் தட்டிப் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அதனால் அம்மா எனக்குப் போட்ட உத்தரவு ரொம்பச் சுருக்கம்: "பஜ்ஜியக் குடு, சிரி, உள்ள வந்துடு."

கொடுத்தேன். சிரித்தேன். மாப்பிள்ளை போன் பேச மாடிக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா சும்மா இருக்காமல், நீ இன்னாம்மா படிக்கிற என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஜெர்மனி முன்ன மாதிரி இல்ல அத்தை. உற்பத்தித் திறன் கொறஞ்சிடுச்சி."

அத்தை கையில் இருந்த பஜ்ஜி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. (ஆஹா, விஷயம் புரிந்த மனுஷி என்று நினைத்தேன்.) குரலைத் தாழ்த்தி, "யாருக்கு?" என்றார்.

"அங்க எல்லாருக்குமேதான். வயசாவுது இல்ல? சீனாக்காரனோட போட்டி போட முடியல. அதான் வேலைய வெளியாள் கிட்ட விட்டுடறாங்க."

எங்கள் நைனாவுக்கு (அப்பாதான்) இருமல் வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, அரசாங்கமே இதை ஒப்புக்கொண்டுவிட்டது என்று மேலே தொடர்ந்தேன்.

மாப்பிள்ளை படியிறங்கி வந்தார். அத்தை நேராகக் கேட்டார்: "உற்பத்தித் திறன் கொறஞ்சிடுச்சின்னு இந்தப் பொண்ணு சொல்லுது. நெசமாடா?"

தன் வேலையைப் பற்றி ஊரில் ஒருவராவது கேட்டார்களே என்று அவர் முகம் மலர்ந்தது. "நெசந்தாம்மா. ரெண்டு வருஷமாவே அப்படித்தான். மேனேஜர் தெனம் மீட்டிங் போட்டுத் திட்றாரு."

அத்தையின் கண் கலங்கிவிட்டது. "மேனேஜருக்குச் சொல்லியிருக்க, பெத்தவளுக்குச் சொல்லலியேடா." பிறகு நைனாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க. தெரிஞ்சே ஒரு பொண்ணு வாழ்க்கைய நான் கெடுக்க மாட்டேன்."

எழுந்துவிட்டார். கூட வந்தவர்கள் வாசலில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். உலகப் பொருளாதாரத்தையே கரைத்துக் குடித்த எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

தலை நிமிரக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்த அக்கா, உள்ளேயிருந்து விறுவிறுவென்று வந்து வாசலை மறித்து நின்றாள்.

"அத்தை, கொறஞ்சது ஃபாக்டரிக்கு. இவருக்கு ஒண்ணும் இல்ல."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கி, காது சிவந்து, சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் அக்கா. கடைசியில் அத்தையும் உட்கார்ந்து, ஆறிப்போன அந்தப் பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்தார்.

கல்யாணம் நடந்தது. என் கணிப்பும் தப்பவில்லை என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன். மாப்பிள்ளையின் தொழிற்சாலையில் அடுத்த வருஷமே ஒரு ஷிஃப்டைக் குறைத்தார்கள். ஆனால் அதை யார் கேட்கிறார்கள்? இப்போதெல்லாம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் புதிதாகக் கல்யாணமானவர்களிடம் விசேஷம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மனி எப்படி இருக்குது என்றுதான் கேட்கிறார்கள்.

போன மாதம் அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இரட்டை. அத்தை முதல் போனை எனக்குத்தான் போட்டார்.

"ஜெர்மனி தேறிடுச்சிம்மா."