மாவுக்கு லீவு போட்டவர்

மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீஸுக்கு லீவு போட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். அணுபுரம் குடியிருப்பில் முதல் மாடியில் அவர் கதவும் எங்கள் கதவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அவருக்கும் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது கதவில் மாட்டிய பலகையோடு சரி, எங்களுக்கெல்லாம் அவர் ஜாடி சார். கல்யாணம் ஆகாத, ஐம்பதை நெருங்கிய ஒரு மனிதர் போகிற இடமெல்லாம் பீங்கான் ஊறுகாய் ஜாடியை இடுக்கிக்கொண்டு போனால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஜாடிக்குள் இருந்தது ஊறுகாய் அல்ல, புளித்த மைதா மாவு.

தொண்ணூறுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமையானால் சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய்விடுவார். மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள். இவர் சிற்பக் கூடத்தில் உட்கார்ந்து கல் செதுக்குவதைப் பார்ப்பார். அங்கே உளி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்திருந்த ஓர் இத்தாலிக்காரப் பெரியவர் அவருக்குச் சிநேகிதமானார். அந்தப் பெரியவர் தான் தங்கியிருந்த வீட்டு மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி அடுப்பு கட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த புளித்த மாவில் சாருக்கு ஒரு பீட்சா சுட்டுக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட பிறகு சார் பழைய சாராகத் திரும்பி வரவே இல்லை.

ஊருக்குக் கிளம்பும்போது பெரியவர் அந்த மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தாராம். இது என் அம்மா கை வைத்த மாவு, சாகவிடாதே, நான் திரும்பி வரும்போது இதிலேயே எனக்கு ஒரு பீட்சா சுட்டுப் போடு என்றாராம். சார் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். எங்கள் மாடிக்குப் பிடித்தது சனி.

அந்த மாவுக்குத் தினமும் தீனி போட வேண்டும். பாதியை எடுத்துவிட்டு, மீதியில் புது மைதாவும் தண்ணீரும் விட்டுக் கலக்க வேண்டும். கடையில் வாங்கும் ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் அது தானே நுரைத்துப் பொங்கும். சார் அதைப் ‘பயல்’ என்றுதான் சொல்வார். பயல் இன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை என்பார். பயல் தூங்குகிறான், ரேடியோவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்பார். நாங்களும் குறைத்துக்கொள்வோம்.

ஒரு ஐப்பசி மழையில் பயல் பொங்கவே இல்லை. சார் ஜாடிக்கு மஃப்ளர் சுற்றி, குண்டு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டு, ஆபீஸுக்குப் போன் போட்டார். வீட்டில் சின்னவனுக்கு உடம்பு முடியவில்லை, ஒருநாள் லீவு வேண்டும் என்றார். கல்யாணமே ஆகாதவருக்குச் சின்னவன் எங்கிருந்து வந்தான் என்று ஆபீஸில் அன்றைக்கு ஒருத்தரும் வேலை பார்க்கவில்லையாம். சின்னவன் இருந்தால் பெரியவன் ஒருத்தன் இருந்தாக வேண்டுமே என்று அடுத்த நாளும் பார்க்கவில்லையாம்.

கோடையில் நிலைமை தலைகீழ். அக்கினி நட்சத்திரத்தில் வீட்டில் விட்டால் பயல் கொதித்துப்போவான், ஆபீஸில் ஏ.சி. இருக்கிறது என்று சார் ஜாடியை ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் குலுங்கிய குலுக்கலில் பயலுக்கு உற்சாகம் பிறந்து, மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு அதிகாரியின் மடியில் இறங்கிவிட்டான். அதிகாரி விழித்துப் பார்த்து அலறினார். சார் பதறியது பேண்ட்டுக்காக அல்ல. துடைக்காதீங்க, வழிச்சுக் கொடுங்க என்று கெஞ்சினாராம்.

பயல் பெருகிய வேகத்துக்கு பீட்சா தேறவில்லை. கீழே, கட்டிடத்துக்குப் பின்னால் செங்கல் அடுக்கி, உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்து, சாரும் ஓர் அடுப்பு கட்டினார். முதல் பீட்சாவை வெட்ட அரிவாள்மனை தேவைப்பட்டது. இரண்டாவது மேலே கரி, உள்ளே களி. அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் வேலை செய்த சதுரங்கப்பட்டினத்துச் செல்லியம்மாவுக்குத்தான் எப்போதும் முதல் துண்டு. அவள் அதைக் கொஞ்ச நேரம் வாயில் போட்டு உருட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள்.

“இன்னா சார் இது, அப்பளமும் இல்ல, ரொட்டியும் இல்ல. வாசல்ல கெடக்குற நாயி மோந்து பாத்துட்டு அதும்பாட்டுக்குப் போய்க்கினே கீது.”

சார் கோபப்பட மாட்டார். நாய்க்குப் பழக்கமில்லை என்பார். ஆனால் விடவில்லை. மாவைப் பிசைந்து, மடித்து, மூடி வைத்து, மறுபடி மடித்து, நாளெல்லாம் அதற்குக் காவல் இருப்பார். வருஷங்கள் ஓட ஓட, விளிம்பு உப்பி, அடி மொறுமொறுவென்று, மென்றால் லேசாகப் புளிக்கிற பதம் வந்தேவிட்டது. செல்லியம்மாவே இரண்டாவது துண்டு கேட்டாள். அன்றைக்கு சார் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

அப்போதுதான் சிற்பக் கூடத்திலிருந்து தகவல் வந்தது. பொங்கல் கழித்து இத்தாலிக்காரர் வருகிறார். சார் வீட்டுக்கு வெள்ளையடித்தார். அந்த நேரம் பார்த்து ஆபீஸில் அவரைப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். ஜாடியைப் பிளேனில் ஏற்ற முடியுமா என்று விசாரித்துப் பார்த்து, முடியாது என்று தெரிந்ததும், முகம் வெளுத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“தங்கச்சி, பெரியவர் வர்ற வரைக்கும் இவன் உசுரோட இருக்கணும். தினம் பாதிய எடுத்துப் போட்டுட்டு மீதிக்குத் தீனி வச்சாப் போதும்.”

என் மனைவி வசந்தா பயபக்தியோடு வாங்கிக்கொண்டாள். எல்லாம் புரிந்தது அவளுக்கு, ‘எடுத்துப் போட்டுட்டு’ என்பதைத் தவிர. நல்ல மாவைக் குப்பையில் கொட்டுவதாவது? எடுத்த பாதியில் தோசை வார்த்தாள். பிரமாதமாக இருந்தது.

அவர் திரும்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், திருப்போரூர் முருகனைத் தரிசித்துவிட்டு என் மைத்துனர் குடும்பத்தோடு வந்து இறங்கினார், சொல்லாமல் கொள்ளாமல். வீட்டில் இட்லி மாவு இல்லை. வசந்தா ஜாடியில் பாதியை எடுத்து அரிசி மாவு, சீரகம், கறிவேப்பிலை சேர்த்துக் கரைத்தாள். மைத்துனரின் பிள்ளைகள் உட்கார்ந்த வேகத்தில் அது காணாமல் போனது. இன்னும் இரண்டு என்று இலைப்பக்கம் குரல் வந்தது. தங்கை வீட்டுக்கு வந்தவர்களைப் பாதி வயிற்றோடு அனுப்புவார்களா? மீதிப் பாதியும் அதே பாத்திரத்தில் இறங்கியது. இந்த மாதிரி தோசையை வாழ்நாளில் தின்றதில்லை என்றார் மைத்துனர். அதுவென்னவோ உண்மை. இத்தாலியிலிருந்து மாவு வரவழைத்துத் தோசை தின்றவர்கள் எங்கள் வம்சத்தில் வேறு யாரும் கிடையாது.

காலையில் சார் பெட்டியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையல் மேடையில் ஜாடி பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். வசந்தா மறைக்கவில்லை. முந்தானையைப் பிசைந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. எல்லாருக்கும் போதுமா இருந்துச்சா தங்கச்சி என்று மட்டும் கேட்டார். அவள் அழ ஆரம்பித்தாள். பெரியவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று சார் ஜன்னலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் செல்லியம்மா பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

“யம்மா, இன்னா தயிரு இது, டம்ளர வுட்டு வழிஞ்சிகினு கீது?”

தயிர் இல்லை. தோசை வார்த்து முடிக்கும்போது வசந்தாவின் கை தன்பாட்டுக்குக் கடைசிக் கரண்டியை ஒரு டம்ளரில் எடுத்து வைத்திருந்தது. அவள் பிறந்த வீட்டில் தயிரை அடியோடு வழித்துத் தின்ன விடமாட்டார்கள். நாளைக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி எடுத்து வைத்த பிறகுதான் சட்டியைக் கழுவப் போடுவார்கள். பழகிய கை மாவுக்கும் அதையே செய்துவிட்டது, அவளுக்கே தெரியாமல்.

சார் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். “இருக்கான்” என்றார். சீரகமும் கறிவேப்பிலையுமாக இருந்தாலும், பயல் இருந்தான்.

பெரியவர் வந்தார். கைலி கட்டிக்கொண்டு, “இன்னா மச்சான், நல்லாகீறியா?” என்று சிற்பக் கூடத்துத் தமிழில் சாரைக் கட்டிக்கொண்டார். பின்கட்டில் அடுப்பு எரிந்தது. மாடி முழுக்க இறங்கி வந்து சுற்றி நின்றோம். முதல் துண்டைக் கடித்தவர் மெல்வதை நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ உருவி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கறிவேப்பிலை.

வசந்தாவால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள், நான் இங்கிலீஷில் சொன்னேன். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு மெல்ல மெல்ல வேறொன்றாக மாறி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயத்தில் மகள் வீட்டைச் சுத்தம் செய்து அங்கிருந்த மாவை வெளியே கொட்டிவிட்டாளாம். அவர் அம்மாவின் மாவு இப்போது உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. பீட்சா சாப்பிட வரவில்லை, ஒரு கரண்டி மாவு கேட்டு வாங்கிப் போகத்தான் வந்தேன் என்றார்.

சார் சட்டென்று உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது, புகை என்றார். வசந்தா அதே டம்ளரைக் கழுவிக் கொடுத்தாள், அவள் கல்யாணச் சீரில் வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். அதில் மாவை வைத்து, வாயைத் துணியால் கட்டி, மழைக்காலத்தில் மஃப்ளர் சுற்ற வேண்டும் என்று பெரியவருக்கே பாடம் எடுத்தார் சார். எங்கோ ஓர் இத்தாலிச் சமையலறையில் ‘வசந்தா’ என்று தமிழில் பெயர் வெட்டிய டம்ளர் இருக்கிறது. சீர் செட்டில் ஒன்று குறைகிறதே என்று யாராவது கேட்டால், அது வெளிநாட்டில் இருக்கிறது என்று அவள் அலட்டிக்கொள்வாள்.

ஜாடி சார் ஓய்வு பெற்று திருச்சிக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டார். ஜாடியைக் கொண்டுபோனார், ஒரு கரண்டியை எங்களிடம் விட்டுப் போனார். எங்களுக்கு பீட்சா வரவில்லை, தோசைதான் வருகிறது. எத்தனை பேர் வந்தாலும், எவ்வளவு பசியோடு வந்தாலும், கடைசிக் கரண்டியை மட்டும் வசந்தா கல்லில் ஊற்றுவதில்லை. அது சாருக்கு என்று எடுத்து வைத்துவிடுவாள். நானும் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.