சகலையின் ஜெனரேட்டர்

"படகு இடது பக்கம் சாயுது சார்" என்றார் மெக்கானிக்.

கண்ணாடிக்காரர் தன் தலையையும் இடது பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நேராத்தானே இருக்கு?" என்றார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரிடம் போய்ப் பார்வை சரியில்லை என்று சொல்ல மெக்கானிக்குக்குக் கூச்சமாக இருந்தது. பேசாமல் ஒரு போல்ட்டை எடுத்துப் படகின் தளத்தில் வைத்தார். அது உருண்டு போய், பின்பக்கம் இடது மூலையில் புத்தம்புதிதாக உட்கார்ந்திருந்த ஜெனரேட்டரின் காலடியில் பணிவாக நின்றது.

ஜெனரேட்டர் நாற்பத்தெட்டு கிலோ. படகோ, நாலு பேர் உட்காரலாம், ரெண்டு பேர் படுக்கலாம், ஒருவர் குனிந்தபடி டீ போடலாம் என்கிற அளவு.

"ஒரு விசிறி, ரெண்டு பல்புக்கு இவ்வளவு பெரிசு எதுக்கு சார்?"

"அவன்கிட்ட இருக்கிறது இருபத்திரண்டு கிலோ."

"யார்கிட்ட?"

கண்ணாடிக்காரர் தாடையால் பக்கத்துப் படகைக் காட்டினார்.

பக்கத்துப் படகு அவருடைய சகலையின் படகு. மனைவியின் தங்கை புருஷன். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வயதில் இளையவர், கல்யாணத்தில் இளையவர், படகு வாங்கியதிலும் இளையவர். ஜெனரேட்டரில் மட்டும் மூத்தவராகிவிட்டார்.

சகலை அதைப் பொருத்தி மூன்று மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு குடும்பமும் படகுத்துறைக்கு வரும். கண்ணாடிக்காரரின் மனைவி புருஷன் படகில் ஏறிப் பையை வைப்பார். பத்து நிமிஷம் உட்காருவார். அப்புறம் தங்கை படகுக்குத் தாவிவிடுவார். டைல்ஸ்காரர் கயிற்றைச் சுண்டி இழுக்க, ஜெனரேட்டர் மாவு மில் மாதிரி அலற ஆரம்பிக்கும். அக்காவும் தங்கையும் விசிறிக் காற்றில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார்கள். மனைவியின் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பைக் கண்ணாடிக்காரர் தன் கல்யாண ஆல்பத்தில்கூட ஒரே ஒரு படத்தில்தான் பார்த்திருந்தார். அதிலும் அவர் பக்கத்தில் இல்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் இரண்டு படகும் சேர்ந்து நாலு நாள் பயணம் போவதாக ஏற்பாடு. அதற்கு மனைவி, "நான் தங்கச்சி படகுல வரேன். நீங்க பின்னாலேயே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். நாலு நாள் தன்னந்தனியாக, சகலை படகின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

"அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று வீட்டில் கேட்டுப் பார்த்தார்.

"அங்க போனா மனசு லேசாகுதுங்க."

"விசிறியா?"

"ம்."

"விசிறி ஒண்ணும் பெரிய அதிசயம் இல்லம்மா. அது எப்படிச் சுத்துதுன்னா, உள்ள ஒரு காந்தம் இருக்கு பாரு..."

அவர் காந்தத்தை முடித்துக் கம்பிச்சுருளுக்கு வந்தபோது, மனைவி துணியெல்லாம் மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார்.

கண்ணாடிக்காரர் நிதானமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். முதலாவது, அவளுக்கு வேண்டியது விசிறிக் காற்று. இரண்டாவது, அதற்காக அந்த மாவு மில் சத்தத்தையே பொறுத்துக்கொள்கிறாள். ஆகவே சத்தமில்லாமல் காற்று கிடைத்தால் புருஷன் படகை விட்டு அசையமாட்டாள்.

"நடுவுல வெச்சிடலாம் சார். பின்னாடி, சரியா மத்தியில. பக்கத்துப் படகுல அப்படித்தான் இருக்கு" என்றார் மெக்கானிக்.

"அவன் வெச்ச இடத்துல நான் வெக்கறதா? அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். வலது பக்கம் எடை ஏத்து."

வலது பக்கம் ஆறு தண்ணீர்க் கேன்கள் ஏறின. படகு நேரானது. ஆனால் பின்பாரம் கூடிப் போய், தளத்துத் தண்ணீர் வெளியே போவதற்காக வைத்திருந்த ஓட்டை வழியாக வெளித் தண்ணீர் உள்ளே வந்தது.

டைல்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, நின்ன இடத்துலயே கால் கழுவறீங்களா?"

"இது எடையைப் பிரிக்கிற முறை தம்பி. உனக்குப் புரியும்படியா சொல்றேன்..."

"எனக்குப் புரியுது அண்ணே, நீங்கதான் தப்பாப் புரிஞ்சிருக்கீங்க. டைல்ஸ் லாரியில சரக்கு ஏத்தும்போது என்ன பண்ணுவோம்னா..."

இருவரும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் விளக்கினார்கள். கேட்க யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியவில்லை. மெக்கானிக் பக்கெட்டால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு, படகிலிருந்த சின்ன அறையின் கூரைக்கு ஜெனரேட்டர் ஏறியது.

கயிற்றை இழுத்ததும் கூரை அதிர்ந்தது. அலமாரியிலிருந்த கோப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்து கீழே குதித்தன. தலைப்பாரம் ஏறிய படகு, தூரத்தில் ஒரு விசைப்படகு போனதற்கே குடிகாரனைப் போல இரண்டு பக்கமும் தள்ளாடியது.

மனைவி தாடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "பல்லு ஆடுதுங்க."

"காத்து வருதா இல்லையா?"

"எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியலைங்க. விசிறி கீழ விழுந்துடுச்சு."

சொல்லிவிட்டுத் தங்கை படகுக்குப் போய்விட்டார். அங்கிருந்து சகலை, "அண்ணே, மாடி கட்டறீங்களா?" என்று கேட்டார்.

மூன்றாவது ஞாயிறு ஜெனரேட்டர் படகின் முன்பக்கம் போனது. சகலை பின்னால் வைத்திருந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. முன்பக்கம் மட்டும் கட்டியிருக்கும் படகு பெரும்பாலும் காற்றை எதிர்த்தே நிற்கும். ஆகவே புகை முழுவதும் அழைப்பிதழ் வைத்ததுபோல நேராக அறைக்குள் வந்தது.

மெக்கானிக் ஓடிப்போய் நிறுத்தினார். முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. "சார், இது விளையாட்டு இல்ல. இந்தப் புகை கண்ணுக்கே தெரியாம ஆளை முடிச்சிடும். இனிமே நான் சொல்ற இடத்துல வெக்கறதா இருந்தா கூப்பிடுங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க."

ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டுக் கண்ணாடிக்காரரும் களைத்திருந்தார். பயணத்துக்கு இன்னும் இரண்டே வாரம். "சரி, உன் இஷ்டம். ஆனா ஒண்ணு. சத்தம் வரக் கூடாது. அவன் வெக்கப்படணும்" என்றார்.

மெக்கானிக் பெரிய ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுத்துச் சின்னதாக ஒன்று வாங்கி வந்தார். படகின் பின்பக்கம் மத்தியில், தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி இரும்புச் சட்டம் அடித்தார். சட்டத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் கனமான ரப்பர்க் கட்டைகள் வைத்தார். காற்று போக வழிவிட்டு ஒரு மூடி போட்டார். புகைக்குழாயைப் படகுக்கு வெளியே திருப்பிவிட்டார்.

பயணம் கிளம்பும் நாள் காலையில் கண்ணாடிக்காரர் கயிற்றை இழுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லையோ என்று பயந்து மூடியின்மேல் கையை வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. தூங்குகிற பூனை இதைவிடச் சத்தம் போடும்.

மனைவியை அழைத்து வந்து விசிறிக்கு நேராக உட்கார வைத்தார். மூன்று மாத எரிச்சல் அந்தக் காற்றில் அவருக்குக் குளிர்ந்தது.

"ஏதாவது சத்தம் கேக்குதா?"

மனைவி உற்றுக் கேட்டார். "இல்லைங்க." குரலில் ஏனோ சுரத்தில்லை.

"ஏன் கேக்கலைன்னு சொல்லு பாப்போம். தெரியாது. நான் சொல்றேன். அதிர்வுன்னு ஒண்ணு இருக்கு. அது எங்கே பிறக்குதுன்னா..."

"ம்."

"ரப்பர்ல மூணு வகை இருக்கு. முதல் வகை..."

"ம்."

மூன்றாவது வகைக்கு வந்தபோது மனைவி எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. நாலு நாளும் நான் தங்கச்சி படகுலயே வந்துடறேங்க."

கண்ணாடிக்காரர் பின்னாலேயே வெளியே வந்தார். பையோடு மனைவி பக்கத்துப் படகின் அறைக்குள் மறைவதைப் பார்த்தார். உள்ளே டைல்ஸ்காரர், "வாங்க அண்ணி, இந்த ஆத்துல மண்ணு ஏன் சிவப்பா இருக்குன்னு தெரியுமா?" என்று ஆரம்பிப்பது கேட்டது.

மச்சினி படகின் பின்பக்கம் வந்து ஜெனரேட்டர்க் கயிற்றைக் கையில் எடுத்தாள். கண்ணாடிக்காரர் மானத்தை விட்டுக் கேட்டார்.

"ஏம்மா, நீயாவது உண்மையைச் சொல்லு. என் படகுலயும் விசிறி ஓடுது. உங்க மிஷின் போடற சத்தத்துல காது கிழியுது, என்னுது மூச்சு விடலை. அப்புறம் உங்க அக்கா ஏன் அங்கேயே ஓடி வரா?"

மச்சினி கயிற்றைப் பிடித்தபடி அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கடையில இருந்த ஏழு மிஷினையும் ஒவ்வொண்ணா ஓடவிட்டு, பக்கத்துல உங்க சகலையைப் பேசச் சொல்லி, எதுல அவர் குரல் சுத்தமா கேக்கலையோ அதை எனக்கு எடுத்துக் குடுத்ததே அக்காதான் அத்தான்."