மூன்றாவது மாடி உகுலேலே

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் பல் டாக்டர் உகுலேலேயைச் சோபாவுக்கு அடியில் தள்ளினார். திறந்தால், கீழ் வீட்டு டீச்சர்.

"டாக்டர், உங்க வாசிப்பு..."

"புரியுது டீச்சர். கீழ வரைக்கும் கேக்குது. நாளையிலேருந்து கேக்காது."

"அதில்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க சொல்லவே வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபது வருஷமாக அடுத்தவர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, அவர்களுக்கும் சேர்த்துத் தானே பேசிப் பழகியவர். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. கிளினிக்கில் இது நன்றாகவே ஓடியது, வீட்டில்தான் ஓடவில்லை.

உலகமே இந்த நாலு கம்பி வாத்தியத்தின் பின்னால் கிளம்பியிருந்தது. போனைத் திறந்தால் பள்ளிப் பிள்ளைகள், பைலட், பல்லில்லாத தாத்தா, எல்லோர் மடியிலும் ஓர் உகுலேலே. போன வருஷம் அதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி, "நாமளும் இத..." என்று ஆரம்பித்தாள்.

"வாங்கிப் பரண்ல போடணுமா? விளையாட்டுச் சாமான்" என்று டாக்டர் முடித்துவைத்தார்.

இப்படி அவர் முடித்துவைத்த பேச்சுகள் நிறையச் சேர்ந்துபோய், ஒருநாள் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நாலு மாதமாகிறது. கேஸ் சிலிண்டர் தீர்ந்ததா, சாவி எங்கே என்ற அளவில்தான் மெசேஜ் வருகிறது. அன்றைக்கு உகுலேலேயைப் பார்த்து அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

ஒரு மாதமாக, கிளினிக் விட்டு வந்ததும் ஏழு மணிக்கு உட்கார்ந்து, போனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பிறந்தநாள். அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பிசிறில்லாமல் வாசித்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்டும் வரவில்லையென்றால் இனி வரவே மாட்டாள் என்று, வழக்கம்போல் அவரே முடிவு கட்டியிருந்தார்.

வியாழக்கிழமை ஜன்னல்களைச் சாத்தி, உகுலேலேயின் வயிற்றுக்குள் கிளினிக் பஞ்சைத் திணித்து வாசித்தார். ஜலதோஷம் பிடித்த கொசு பாடுவதுபோல் இருந்தது. கால் மணி நேரத்தில் டீச்சர் வந்துவிட்டார்.

"ஏன் டாக்டர், இன்னிக்கு ஜன்னல..."

"இன்னுமா கேக்குது? சரி, பாத்ரூமுக்குப் போயிடறேன்."

வெள்ளிக்கிழமை பாத்ரூம். அங்கே பாட்டு குழாய் வழியாக ஆறு மாடிக்கும் சப்ளை ஆனது. மேல் வீட்டுக்காரர் குழாயைத் தட்டினார். முதலில் தாளம் என்றுதான் டாக்டர் நினைத்தார். பிறகு அவர் திட்டுவதும் தெளிவாகக் கேட்டது. வாசலில் டீச்சர் மூன்று முறை மணியடித்தபோது டாக்டர் மூச்சுக்கூட விடவில்லை.

சனிக்கிழமை பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது வரியில் கம்பி அறுந்தது. பையில் இருந்த, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை இழுத்துக் கட்டினார். அதிலிருந்து புதினா வாசனை வந்தது, சத்தம் வரவில்லை.

நாளைக்குப் பிறந்தநாள். பாட்டும் இல்லை, அவளும் இல்லை. அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பாதிப் பேச்சோடு அவள் எதிரில் வந்து நின்றால் போதும்போல் இருந்தது. தலையை ஸ்டியரிங்கில் சாய்த்தார். ஹாரன் அலறியது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மூச்சிரைக்க டீச்சர் நின்றிருந்தார். டாக்டர் கண்ணாடியை இறக்கினார்.

"விட்டுடறேன் டீச்சர். இனிமே இதத் தொடவே மாட்டேன்."

உகுலேலேயைப் பின் சீட்டில் போட்டார். டீச்சர் சற்று நேரம் காத்திருந்து பார்த்தார்.

"முடிச்சிட்டீங்களா? இங்க சிக்னல் கிடைக்கல டாக்டர், மேல வந்து ஜன்னலத் திறந்து வெச்சு வாசிங்க. ஒரு மாசமா தினமும் ஏழு மணிக்கு என் போன்ல கேட்டுக்கிட்டிருக்கிறது உங்க வீட்டம்மா."