‘கண்ணோடு கண்’ திட்டத்தில் எனது பங்கு

மனிதகுலம் கண்டறிந்தவற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக வைக்கத்தக்கது எங்கள் வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தின் பதினேழாம் எண் சுற்றறிக்கை. பொதுமக்களுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவர் எது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து, அது ஊழியர்களின் மூக்குக்கண்ணாடியே என்று அதில் முடிவுகட்டியிருந்தார்கள். மனுக்கள் மூன்று வருடம் அலமாரியில் உறங்குவதெல்லாம் சில்லறைக் காரணம்.

"கண்ணோடு கண் பார்த்துப் பேசணும்மா," என்றார் மேலாளர். வாயைத் திறந்தால் அலுவலகத்தின் பிம்பம், பிம்பம் என்பதால் எங்களுக்குள் அவர் பிம்பம் சார். "உன் முகத்துல கண்ணே தெரியல. ரெண்டு டியூப்லைட் உக்காந்து சிரிக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப முகப்பு அலுவலர் வேலை, சார்?"

"உனக்குத்தான். அடுத்த மாசம் முதல் திங்கள்கிழமை வந்து உக்காரு. கண்ணாடி இல்லாம."

நான்கு வருடமாகப் பின்னறையில் இருக்கிறேன். மனுக்களில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் பணி. அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் அப்பா பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறார். அம்மா துணி ஆலையில் பொத்தான் தைக்கிறார். இருவருக்கும் எழுத்து வாசனை இல்லை. அப்பாவுக்கு எண்கள் மட்டும் தெரியும். குடும்பத்தின் முதல் பட்டதாரியான எனக்கு, பெயர்ப்பலகை வைத்த மேசைக்குப் பின்னால் உட்காரும் வாய்ப்பு. அதன் முன் இரண்டு கண்கள் எம்மாத்திரம்? லேசர் சிகிச்சைக்கு நாள் குறித்தேன். வியாழக்கிழமை கண், திங்கட்கிழமை நாற்காலி.

மருத்துவர் பொறுமைசாலி. கருவிழியின் தடிமனை அளந்தார். ஒரு வருடமாகப் பவர் மாறவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டார். சில வாரம் கண் வறளும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், எக்காரணம் கொண்டும் கசக்கக் கூடாது, ஒரு வாரம் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, நாற்பது வயதுக்குப் பிறகு படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நான் "தெரியும் டாக்டர்" என்றேன். தெரியாது என்று சொல்வதற்காகவா பட்டம் வாங்கினேன்?

"ஒரு வாரமாவது கம்ப்யூட்டர், ஏசி காத்து, தூசி எதுவும் வேண்டாம். லீவு இருக்குல்ல?"

"தேவையான அளவு இருக்கு, டாக்டர்."

வெள்ளி, சனி, ஞாயிறு. அதில் ஞாயிறு ஊருக்கே விடுமுறை.

துணைக்கு வந்த அம்மா மட்டும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்த மருந்து எத்தனை வேளைன்னு எனக்கு ஒருக்கா சொல்லும்மா."

"அம்மா, எல்லாம் அட்டவணையில இருக்கு. மானத்தை வாங்காம சும்மா இரு," என்றேன் பல்லைக் கடித்தபடி.

அந்த அட்டவணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று நாள் உழைப்பு. வரிசை எண், மருந்தின் பெயர், தேதி, நேரம், இடக்கண், வலக்கண், குறிப்புரை என ஏழு பத்திகள். ஒரு மருந்துக்குப் பச்சை, மற்றொன்றுக்கு நீலம். அலுவலகத்தில் கலர் பிரிண்டர் பிம்பம் சாரின் புகைப்படத்துக்கு மட்டும் என்பதால் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் வந்தன. ஒரே தாளில் அடங்க வேண்டுமென்று எழுத்தை எறும்பளவுக்குச் சுருக்கியிருந்தேன்.

சிகிச்சை பத்து நிமிடம்கூட இல்லை. மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். இமை மூடாதிருக்க ஒரு கிளிப். விளக்கைப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணை யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருந்தது. சில நொடி இருட்டு. பிறகு முடி கருகும் வாடை. இருபது வருடக் கிட்டப்பார்வை ஒழிந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தேன். கண்ணில் மணல் அள்ளிப் போட்ட உறுத்தல். திறந்தால் எல்லாம் பால் படர்ந்ததுபோல் மங்கல். முதல் சொட்டுக்கு நேரமாயிற்று. அப்போதுதான் என் நிர்வாகத் திறன் முழுமையாக வெளிப்பட்டது. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அப்பா, அட்டவணையப் பாருங்க. என்ன போட்டிருக்கு?"

"எறும்பு ஊருது," என்றார் அப்பா. "இரு... எட்டு இருக்கு. பன்னெண்டு இருக்கு. பதினாறு இருக்கு. இருபது இருக்கு. ஏம்மா பட்டதாரி, எங்க கட்டடத்துலயே பதினாலுதானே?"

"அது மணிப்பா. பதினாறுன்னா சாயங்காலம் நாலு."

"அப்ப நாலுன்னு போட என்ன கேடு?"

பேச்சை மாற்றினேன். "புட்டி எது எதுன்னு தெரியுதா?"

"ரெண்டும் வெள்ளை. ரெண்டும் குட்டி. இரட்டைப் புள்ள மாதிரி இருக்கு."

மருந்தை மாற்றி ஊற்றினால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொன்னபோதும் "தெரியும் டாக்டர்" என்றிருந்தேன். இப்போது யோசித்தால் ஒன்றுமே தெரியவில்லை. திங்கட்கிழமை நாற்காலியை விடுங்கள், கண்ணே போய்விடும்போல் இருந்தது.

"தள்ளுங்க ரெண்டு பேரும்," என்றார் அம்மா. என் கையை இழுத்து ஒரு புட்டியின் கழுத்தைத் தடவ வைத்தார். நூலில் ஒரு பொத்தான் கட்டியிருந்தது. "எத்தனை ஓட்டை?"

"நாலு."

"இது நாலு வேளை. இந்தா, அடுத்ததத் தடவு. ரெண்டு ஓட்டை. ரெண்டு வேளை. நீ உள்ள படுத்திருந்தப்பவே நர்ஸம்மாகிட்ட கேட்டுக் கட்டிட்டேன். இப்ப மேல பாரு. கண்ணை இறுக்காதடி."

ஏழு பத்தி அட்டவணையை அப்பா ஜன்னல் கதவு ஆடாமலிருக்க மடித்துச் சொருகினார். அதன் முதல் உருப்படியான பயன்பாடு.

திங்கட்கிழமை காலை அம்மா வாசலை மறித்தார். "ஒரு வாரம்னு அந்த டாக்டர் என் காதுபடச் சொன்னாரு."

"உனக்கு ஆபீஸ் விஷயம் புரியாதும்மா."

போனேன். முகப்பு மேசைக்கு நேர் மேலே ஏசி. பத்தே நிமிடத்தில் கண் வறண்டு எரிந்தது, எரிந்ததும் கண்ணீர் கொட்டியது. முதலில் வந்த பெரியவரிடம் மனுவைத் திருப்பிக் கொடுத்தேன், கன்னம் இரண்டும் நனைய. அவர் பதறிவிட்டார்.

"அழாதீங்கம்மா. பரவால்ல, நான் அடுத்த வருஷம் வரேன்."

அன்று முப்பத்தொரு மனுக்களைத் திருப்பினேன். ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. இருவர் எனக்குக் கைக்குட்டை கொடுத்தார்கள். பாராட்டுப் பெட்டி வரலாற்றில் முதல்முறையாக நிரம்பியது. பிம்பம் சார் பதினெட்டாம் எண் சுற்றறிக்கை வெளியிட்டார்: ‘முகப்பு அலுவலரின் பரிவை அனைவரும் பின்பற்றுக.’

புதன்கிழமை மறுபரிசோதனை. "நாலாம் நாளே ஏசிக்குக் கீழ போய் உக்காந்தீங்களா?" என்றார் மருத்துவர். "கிருமி தொத்தாததால தப்பிச்சீங்க. படிச்சவங்கதானே நீங்க?"

இதற்கும் தெரியும் என்றே சொன்னேன்.

அம்மாவின் பொத்தான் புட்டிகள் ஒரு மாதத்தில் கண்ணை மீட்டுக் கொடுத்தன. எரிச்சல் நின்றது. விளக்குகளின் வளையம் போனது. கண்ணீரும் நின்றது. "என்னம்மா, பிம்பம் வறண்டுபோச்சு?" என்று பிம்பம் சார் வருத்தப்பட்டாலும், நாற்காலி என்னிடமே இருந்தது. பெயர்ப்பலகையும் வந்தது.

நேற்று ஒரு அம்மா வந்தார். மூன்றாவது முறையாகத் திருப்பப்பட்ட மனு.

"எதுக்கும்மா திருப்பிட்டீங்க?"

"பிழை இருக்கு. காரணமெல்லாம் அந்தப் பலகையில எழுதியிருக்கு, போய்ப் பாருங்க."

"எனக்குப் படிக்க வராது தாயி. நீயே சொல்லிடேன்."

ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பது விதி. பலகையைக் கைகாட்டினேன். அவர் போய் அதன் எதிரில் நின்று, அண்ணாந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகை இருபதடி தள்ளி இருந்தது. கண்ணாடி இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒன்பதாவது வரி எனக்குப் பளிச்சென்று தெரிந்தது: ‘கைரேகை வைப்போர் இரண்டாம் பக்கத்திலும் வைக்க வேண்டும்.’ அவ்வளவுதான் குறை. மை டப்பா என் மேசையில்தான் இருந்தது.

சிகிச்சை முழு வெற்றி. வரிசையில் நின்ற அடுத்தவரைக் கண்ணோடு கண் பார்த்து, "நீங்க வாங்க" என்றேன்.