காணாமல் போன ஒழுகல்

எல்லா ஆபீஸ்லயும்தான் கூரை ஒழுகுது. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா தபால் பிரிவு அக்கா வேலை பாத்த ஆபீஸ்ல, ஒழுகற கூரைக்குக் கீழ வாளி இருந்துச்சு, ஈரம் இருந்துச்சு, சொந்தக்காரர்தான் யாரும் இல்ல. இந்த மாபெரும் நிர்வாகச் சீர்கேட்டைக் கண்டுபிடிக்க, கோட் போட்ட ஒரு பயிற்சியாளர் வர வேண்டியிருந்துச்சு.

வந்தவர் போர்டுல இங்கிலீஷ்ல 'ஓன்'னு எழுதினார். "அர்த்தம் சொல்லுங்க பாப்போம்."

"சொந்தமா வச்சிருக்கறது சார். ஐ ஓன் எ ஹவுஸ்"னார் கணக்கர்.

"வீடு இருக்கா உங்களுக்கு?"

"சும்மா உதாரணத்துக்கு சார்."

"அது பழைய அர்த்தம். இப்பல்லாம் வீடு வாசலை யாரும் ஓன் பண்றதில்ல. பிரச்சினையை ஓன் பண்ணணும். யார் கண்ணுல படுதோ, அவங்களுக்கே அது சொந்தம்!"

மேலாளருக்குப் புல்லரிச்சுப்போச்சு. மறுநாளே ஆணை வந்துடுச்சு: 'எந்தக் குறையை எவர் முதலில் கண்டு சொல்கிறாரோ, அவரே அதன் உரிமையாளர் ஆவார்.'

அக்கா அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வாய விட்டுட்டாங்க. "சார், என் மேசைக்கு மேல ஒழுகுது."

"வாழ்த்துகள்மா!" மேலாளர் எழுந்து வந்து கை குடுத்தார். சாயங்காலமே மேசையில பலகை: 'உரிமையாளர், கூரை ஒழுகல்.'

அக்காவுக்கு இதெல்லாம் பெரிசில்ல. வீட்டுக்காரரும் மகளும் வேற ஊர்ல. "உங்கம்மா எங்கடி?"ன்னு யாராவது கேட்டா, "போனுக்குள்ள இருக்காங்க"ன்னு குழந்தை சொல்லுதாம். அந்த ஊருக்கே மாற்றல் கேட்டுக் கேட்டு, ஒரு வழியா உத்தரவும் வந்துடுச்சு. மேலாளர் முன்னாடி ஓடிப்போய் நின்னாங்க.

"தாராளமா போங்க. பொறுப்பை மட்டும் ஒப்படைச்சிடுங்க. ஸ்டேப்ளர்?"

"இருக்கு சார்."

"நாற்காலி?"

"இருக்கு சார்."

"ஒழுகல்?"

அக்கா நிமிந்து பாத்தாங்க. கோடை வெயில்ல கூரை அப்பளம் மாதிரி காஞ்சு கிடந்துச்சு. "அது... இப்ப இல்ல சார்."

"இல்லையா? ஆபீஸ் சொத்தும்மா! உங்க பொறுப்புல இருந்தப்பதானே காணாமப்போயிருக்கு?"

"நின்னா நல்லதுதானே சார்?"

"நல்லது கெட்டது பாக்கறது என் வேலை இல்ல. இருந்தபடி ஒப்படைச்சாதான் விடுவிப்பு."

பட்டப்பகல்ல, அக்கா வாளியும் கையுமா மொட்டைமாடி ஏறினாங்க.

"என்னக்கா, மாடில தோட்டமா?"ன்னார் காவலாளி.

"இல்லண்ணே, கூரைக்குத் தண்ணி காட்டறேன்."

ஊத்தி ஊத்தி இடுப்பு கழண்டப்பறம்தான் ஒழுகல் திரும்பி வந்துச்சு. அக்கா கீழ இறங்கி வந்து, மூச்சு வாங்க, "பாத்துக்குங்க சார்"ன்னாங்க. மேலாளர் ஹால் நடுவுல நின்னு, "நல்ல நிலையில இருக்கு. யாருப்பா இதை வாங்கிக்கறீங்க?"ன்னார்.

அத்தனை தலையும் தொங்கிப்போச்சு. பாத்தாத்தானே சொந்தம்?

"ஒருத்தருக்குமா அக்கறை இல்ல?"ன்னு நடந்துகிட்டே வந்தவர் வழுக்கையில, சொத்துன்னு ஒரு சொட்டு.

"ஐயய்யோ, ஒழுகுதே!"

கணக்கர் மட்டும், தலையைத் தூக்காமலே சொன்னார்: "வாழ்த்துகள் சார்."

அன்னிக்கே அக்காவுக்கு விடுவிப்பு. பலகை மேலாளர் மேசைக்குப் போச்சு. மறுநாள்லேர்ந்து அந்த ஆபீஸ்ல யாரும் எதையும் பாக்கறதில்ல. குறையே வராததைப் பாத்து மேலிடம் பூரிச்சுப்போய், எல்லா ஊர் ஆபீஸுக்கும் அதே ஆணையை அனுப்பிடுச்சு. நீங்க போய் நிக்கறப்ப ஒருத்தரும் நிமிந்து பாக்கலைன்னா கோவிச்சுக்காதீங்க. பாத்துட்டா நீங்க அவங்களுக்குச் சொந்தமாயிடுவீங்க.

புது ஊர்ல அக்காவுக்கு முதல் நாள். கவுண்டர்ல உக்காந்து, பழகின கழுத்தைப் பழகின மாதிரியே தொங்கப்போட்டு, வேலையை ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் கவுண்டருக்கு வெளியில, அப்பா கையைப் புடிச்சுகிட்டு எம்பி எம்பிக் குதிச்சுது ஒரு குழந்தை.

"அம்மா! அம்மா!"

அக்கா தலையைத் தூக்கலை.

"அடுத்த கவுண்டர்ல கேளுங்க."