ஃபேன் கணக்கில் வாங்கிய கம்ப்யூட்டர்

கடைப்படி ஏறுகிற மனிதர்களில் இரண்டு இனம் உண்டு. பொருள் வாங்கப் போகிறவர் ஓர் இனம். அவர் ஏமாந்துவிடக் கூடாதே என்று கூடப் போகிறவர் இன்னோர் இனம். முதல் இனத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது பாவப்பட்ட பிறவி. காசு கொடுக்கும், தூக்கிச் சுமக்கும், வீட்டில் திட்டு வாங்கும், அதோடு சரி. இரண்டாவது இனத்துக்குத்தான் மதுரைப் பக்கம் ‘விவரமான ஆளு’ என்று பெயர்.

அவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுகிறவர், அந்தக் கையைத் துடைத்துக்கொண்டு மறுநாள் பம்புசெட்டுக் கடையில் மோட்டாரைத் தட்டிப் பார்க்கிறவர், அடுத்த வாரம் பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைத் தின்றுகொண்டே சுவரைத் தட்டி “செங்கல் நல்ல செங்கல்” என்று கல்யாணத்தையே முடித்து வைக்கிறவர். எதைக் கண்டாலும் தட்டுவார். தட்டினால் அவருக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் என்ன சொன்னது என்று கேட்டுப் பாருங்கள். “ம்” என்பார். அந்த ஒரு ‘ம்’முக்குத்தான் ஊரே அவரைக் கூட்டிக்கொண்டு அலைகிறது.

இம்புட்டு விவரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? படித்தாரா? தொழில் பார்த்தாரா? அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், தெரியும். இருபது வருசத்து டிவி, மண்டையில் ரெண்டு போட்டால்தான் படம் காட்டும். தனக்கென்று அவர் எதையும் வாங்குவதே இல்லை. வாங்கினால் விவரம் வெளுத்துவிடும் அல்லவா? அடுத்தவன் காசில்தான் விவரம் வளரும்.

சமயநல்லூரில் இந்த இனத்தின் தலைமகன் பேர் அழகுமலை. அவரிடம் மாட்டிய முதல் இனத்து மனிதன் பேர் வெள்ளைத்துரை.

வெள்ளைத்துரை மினிபஸ் டிரைவர். இருபத்திரண்டு வருசமாக ஒரே ரோடு, ஒரே பள்ளம். நாள் முழுக்கப் பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதனுக்கு என்ன ஆசை வரும்? படுக்க ஆசை வரும் என்பீர்கள். தப்பு. அவனுக்குப் பஸ் ஓட்ட ஆசை வந்தது. கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைச் செல்போனில் யாரோ வீடியோ போட்டிருந்தார்கள். மலைப்பாதை, பனிமூட்டம், இரண்டு பக்கமும் மரம். கோழியோடு ஏறுகிற ஆள் இல்லை. “இங்கனயே நிப்பாட்டுங்க” என்று ஸ்டாப்பு இல்லாத இடத்தில் தகரத்தைத் தட்டுகிற ஆள் இல்லை. ஐந்நூறு ரூபாயை நீட்டிவிட்டு எட்டு ரூபாய் டிக்கெட் கேட்கிற ஆள் இல்லை. வெள்ளைத்துரை அந்த வீடியோவை நாற்பது தடவை பார்த்தான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி ஒரு பஸ்ஸை ஓட்டிவிட வேண்டும் என்று முடிவு கட்டினான்.

வீட்டுக்காரி முத்துமீனாவிடம் அனுமதி வாங்குவதற்கு ஆறு மாசம் ஆனது. ஐம்பதாயிரம் வரைக்கும் சம்மதித்தாள். கூடவே ஒரு கெடுவும் வைத்தாள்.

“பிரிட்ஜு வாங்க வச்சிருந்த காசுங்க இது. வாங்குறது வாங்குங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள உங்க பஸ்ஸு மலை ஏறணும். ஏறலைன்னா பொட்டிய வித்துட்டு நான் பிரிட்ஜு வாங்கிருவேன். பெறகு மூஞ்சியத் தூக்கக் கூடாது.”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் மத்தியானம் அரைத்த சட்னி சாயங்காலத்துக்குள் புளித்துவிடும்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இம்மானுவேல் என்பவரின் கம்ப்யூட்டர் கடை. வெள்ளைத்துரை முதலில் தனியாகத்தான் போனான். இம்மானுவேல் பொறுமையாகக் கேட்டு, என்ன விளையாட்டு என்று விசாரித்து, ஒரு சீட்டில் சாமானையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தார். ஐம்பதாயிரத்துக்கு ஒரு ரூபாய் கூடவில்லை. அதில் பெரிய தொகை கிராபிக்ஸ் கார்டு என்கிற ஒரு சாமானுக்கு. இருபதாயிரம். மற்றதெல்லாம் சிக்கனம். மேல்பெட்டி இருக்கிறதிலேயே சோப்ளாங்கி.

“விளையாட்டுக்கு உசுரே இந்தக் கார்டுதாண்ணே. படத்தை ஓட விடுறது அதுதான். கண்ணுக்குத் தெரியாத எடத்துல காசப் போடுங்க. கண்ணுக்குத் தெரியிற எடத்துல கையச் சுருக்குங்க” என்றார்.

பொன்னான வார்த்தை. அங்கேயே “சரி” என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் நம் ஊரில் ஒரு மனிதன் தனியாக நின்று “சரி” என்று சொல்லிவிட முடியுமா? தனியாக வாங்கி வந்த பொருளைத் திருடி வந்த பொருள் மாதிரி அல்லவா பார்ப்பார்கள்? விலை என்ன என்று கேட்பதற்கு முன்னாலேயே “யாரு கூடப் போனீக?” என்றுதானே கேட்பார்கள்? வெள்ளைத்துரை சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே அழகுமலை வீட்டுக்குப் போனான்.

அழகுமலை சீட்டை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். “ம்” என்றார்.

“ஒத்தையில போயிருக்கியே மாப்ள. மூஞ்சியப் பாத்தே எழுதியிருக்கான். நான் வாரேன்.”

சனிக்கிழமை காலையில் கடைப்படி ஏறினார்கள். விவரமான ஆள் கடைக்குள் நுழைகிற அழகே தனி. வணக்கம் சொல்ல மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலே சுற்றுகிற ஃபேனை ஒரு தரம் பார்த்து, கடைக்காரரை ஒரு தரம் பார்த்து, “டீ சொல்லுங்க தம்பி” என்பார். டீ வந்தால் இனிப்புப் பத்தாது என்பார். வந்த வேலையில் பாதி முடிந்தது.

பிறகு தட்டத் தொடங்கினார். சீட்டில் எழுதியிருந்த சோப்ளாங்கிப் பெட்டியைத் தட்டினார். தூக்கிப் பார்த்தார்.

“வெயிட்டே இல்லையே தம்பி. தகரம்.”

“வெயிட்டுக்கும் வேகத்துக்கும் சம்மந்தமில்லண்ணே.”

“லாரிக்கும் சைக்கிளுக்கும் சம்மந்தமில்லையா?”

இம்மானுவேல் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். அவர் இன்ஜினியரிங் படித்தவர். இந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திலும் பதில் இல்லை.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு மேசைக்கு வந்தது. ஒரு செங்கல் தண்டி, அதில் குட்டிக் குட்டியாக இரண்டு ஃபேன். அழகுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலையைக் கேட்டார். அப்போதுதான் அவர் கண் ஓரத்தில் வேறொரு பெட்டியைக் கண்டது. கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஆறு ஃபேன். ஆறும் சிவப்பு, பச்சை, நீலம் என்று கலர் மாறிச் சுற்றுகிறது. சித்திரைத் திருவிழா சீரியல் செட்டு தோற்றுப்போகும். அதன் விலை ஐயாயிரம்.

விவரம் உச்சிக்கு ஏறுகிற நேரம் இதுதான். நன்றாகக் கவனியுங்கள்.

“மாப்ள, இங்க வா. அந்தச் செங்கல்லுல எத்தன ஃபேனு?”

“ரெண்டு மாமா.”

“எம்புட்டு?”

“இருவதாயிரம்.”

“ஒரு ஃபேனு பத்தாயிரம். இந்தப் பொட்டியில எத்தன?”

“ஆறு.”

“ஆறு ஃபேனும் சேத்தே அஞ்சாயிரம்தான். ஒரு ஃபேனு ஆயிரங்கூட வரல. இப்பச் சொல்லு, யாரு யார ஏமாத்தப் பாக்குறது?”

வெள்ளைத்துரைக்கு நெஞ்சுக்குள் ஏதோ தப்பு என்று பட்டது. ஆனால் கணக்கில் தப்பில்லை. கணக்கில் தப்பில்லாதபோது ஒரு டிரைவர் என்ன பேசுவான்?

“அண்ணே, காத்துக்கு வச்ச ஃபேனு வேற, கார்டு வேறண்ணே!” இம்மானுவேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். “கார்டு இல்லாம மத்ததெல்லாம் வடமில்லாத தேருண்ணே. சோடிச்சு நிக்கும். நகராது.”

அழகுமலை செல்போனை எடுத்தார். விவரமான ஆளுக்கு எந்தத் தொழிலிலும் ஒரு சொந்தக்காரப் பையன் வேலை பார்ப்பான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற மச்சினன் மகன் போனை எடுத்து, “மீட்டிங்ல இருக்கேன் மாமா, அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டான். பக்கத்தில் நின்ற வெள்ளைத்துரை காதிலும் அது விழுந்தது.

“கேட்டியா? கார்டெல்லாம் அப்புறம் பாக்கலாங்கிறான். அதுலயே கெடக்குற பய. அவனுக்குத் தெரியாதா?”

அடுத்தது பேரம். விவரமான ஆள் பேரம் பேசுவது வாயால் அல்ல, காலால். “வா மாப்ள, வேற கட பாப்போம்” என்று எழுந்து நடந்துவிட வேண்டும். கடைக்காரர் ஓடி வந்து “அண்ணே, அண்ணே” என்று கையைப் பிடிக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் முப்பது வருசமாகப் பலித்த வித்தை. அழகுமலை நடந்தார். சந்து முனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. முனையில் கரும்புச்சாறு வண்டி. ஒரு கிளாஸ் குடித்தார். கூப்பிடவில்லை. இன்னொரு கிளாஸ் குடித்தார். வெள்ளைத்துரை காசு கொடுத்தான். கடைக்குள் இம்மானுவேல் நிம்மதியாக மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

அழகுமலை திரும்பி நடந்தார். “கொடைய மறந்துட்டேன்” என்றார். அன்றைக்கு அவர் குடையே கொண்டுவரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு வியாபாரம் முடிந்தது. ஆறு ஃபேன் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சீட்டில் இருந்த சிக்கனச் சாமான்கள், கல்யாண மண்டபத்துக்கு ஆகிற அளவில் ஒரு மானிட்டர், கரண்டு போனால் தாங்க ஒரு யூபிஎஸ், உட்கார்ந்து விளையாட ராஜா சிம்மாசனம் மாதிரி ஒரு சிவப்பு நாற்காலி. சரியாக ஐம்பதாயிரம். கார்டு இல்லை. மேற்படி நாற்காலிக்குத் தூசி உறை ஒன்று சும்மா கேட்டு வாங்கினார் அழகுமலை. அதை ஊர் முழுக்கச் சொன்னார்.

வீட்டில் பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆரத்தி காட்டி சுவிட்சைப் போட்டார்கள். தெருவே கூடிவிட்டது. சுவரெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம். சிவப்பு நாற்காலியில் அழகுமலை உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்துரை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பஸ்ஸைக் கிளப்பினான்.

ஒரு படம் வந்தது. நின்றது. ஒரு மடக்கு டீ குடித்தான். அடுத்த படம் வந்தது. பஸ் ஒரு சாண் நகர்ந்திருந்தது.

“ஏங்க, ரயில்வே கேட்டு போட்டுருக்கா?” என்றாள் முத்துமீனா.

அழகுமலை அசருவாரா? “புது வண்டிதானம்மா. ரன்னிங் பீரியடு. கொஞ்ச நாள் மெதுவாத்தான் ஓட்டணும். எடுத்த எடுப்புல மிதிச்சா இஞ்சின் போயிரும்.”

அவர் சொல்லைத் தட்டாமல் வெள்ளைத்துரை ஒரு வாரம் ரன்னிங் பீரியடு ஓட்டினான். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம். செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தது. வியாழக்கிழமை முதல் ஸ்டாப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே நீலச் சட்டை போட்ட ஒரு பயணி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். வெள்ளிக்கிழமையும் கையைத் தூக்கிக்கொண்டே நின்றான். மலை எங்கேயோ பின்னால் புகை மாதிரித் தெரிந்தது. வெள்ளைத்துரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கார்த்திகைக்குள் அடிவாரம் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் போக முடியாது. அன்றைக்கு அவன் சோறு சரியாகத் தின்னவில்லை. பிரிட்ஜு கடை விளம்பரம் வந்தால் டிவியை அணைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முத்துமீனா அவன் சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த பழைய சீட்டை எடுத்துக்கொண்டாள். தன் தம்பி ஒருவனின் சரக்கு ஆட்டோவில் மானிட்டர், யூபிஎஸ், நாற்காலி மூன்றையும் ஏற்றினாள். விற்கத்தான் போகிறாள் என்று வெள்ளைத்துரை வாசலில் உட்கார்ந்துவிட்டான். அவளோ நேரே இம்மானுவேல் கடைக்குப் போனாள்.

இம்மானுவேல் அவள் தோளுக்குப் பின்னால் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். சந்து முனை வரைக்கும் இன்னொரு தரம் பார்த்தார்.

“அந்தத் தட்டுற அண்ணன் வரலையாக்கா?”

“யாரும் வரல. நான் மட்டுந்தான்.”

“பிரிச்ச சாமான நாங்க திருப்பி எடுக்க மாட்டோம். ஆனா அவரு வரலைல்ல? எடுத்துக்கிறேன். சந்தனம் வச்ச பொட்டிய மட்டும் நீங்களே வச்சுக்கங்க.”

சீட்டில் எழுதியிருந்தது எதுவோ அதைக் கேட்டாள். இம்மானுவேல் மூன்று சாமானையும் எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன மானிட்டரும், சீட்டில் இருந்ததற்கு ஒரு படி இறங்கிய கார்டும் கொடுத்தார். மேல்காசு கேட்கவில்லை. அவளும் எதையும் தட்டவில்லை, தூக்கவில்லை, டீ கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

கடைப் பையன் ஒருவன் கூடவே வந்து கார்டைப் பெட்டிக்குள் மாட்டிக் கொடுத்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஸ் கிளம்பியது. எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. ஆறு மணிக்கு மலை ஏறியது. பனிமூட்டம், மரம், வளைவு. வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் கேட்டு வந்த அழகுமலை பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“நான் சொன்னேன்ல? ரன்னிங் பீரியடு முடிஞ்சிருச்சு.”

இதோடு கதை முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. ஒரு தரம் பட்ட மனிதனுக்கு உள்ளுக்குள் என்னமோ ஊறத் தொடங்குகிறது. பாம்பு கடித்தால் விஷம் ஏறும். விவரமான ஆள் கடித்தால் விவரம் ஏறும்.

அடுத்த மாசம் வண்டியூரில் இருக்கிற சொந்தக்காரன் பேயாண்டி, மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகப் போன் பண்ணினான். மகள் கணக்குப்பிள்ளை வேலைக்குப் படிக்கிறாள். அவளுக்கு விளையாட்டும் வேண்டாம், கார்டும் வேண்டாம்.

“ஒத்தையில போயிறாத மாப்ள” என்றான் வெள்ளைத்துரை. “எல்லாம் கார்டுலதான் இருக்கு. உனக்கு அது தெரியாது. நான் வாரேன்.”

அன்று முதல் லீவு நாளெல்லாம் அவன் கடைவீதியில்தான் இருக்கிறான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறான். கார்டை எடுத்து விரல் மூட்டால் தட்டுகிறான், “ம்” என்கிறான். இம்மானுவேல் கண்ணை மூடிக்கொண்டு டீ சொல்கிறார். வீட்டில் பஸ்ஸை இப்போது முத்துமீனாதான் ஓட்டுகிறாள். ஒரு வாரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றானே நீலச் சட்டைக்காரன், அவனை அவள் முதல் நாளே ஏற்றிக்கொண்டாள். டிக்கெட் கேட்கவில்லையாம், பாவம் கால் வலித்திருக்கும் என்று.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறு ஃபேன் பெட்டி வந்த இடத்தில், “அட மடப்பயலே, நான் மட்டும் கூடப் போயிருந்தால்” என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா? இல்லையென்றால் சந்தோஷம். முணுமுணுத்திருந்தால், அடுத்த தடவை கடைக்குப் போகும்போது கையிரண்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் மூட்டு லேசாக அரிக்கும். தட்டிவிடாதீர்கள்.